அதுதான் பேசுதேம்மா

"அதுதான் போன் பேசுதேம்மா, அப்புறம் என்ன?" என்று என்னிடம் சொன்னவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருமுனை வரைக்கும் வரும். அதில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் படித்தவர்கள். ஒருவரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

என் கணவருக்குக் கண் தெரியாது. மூன்றாவது படிக்கும்போது வந்த அம்மையில் போனது. அது அவருக்கும் பழகிப்போன விஷயம், கல்யாணம் செய்துகொண்ட எனக்கும் பழகிப்போன விஷயம். ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் யார், சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறாரா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் ஓய்வுக்குப் பிறகு அடங்க ஆரம்பித்தது. முதலில் இடது, அப்புறம் வலது. மெஷின் வைத்துப் பார்த்தோம். கொஞ்ச காலம் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வலது காதருகே போய்ப் பேசினால் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

கண்ணும் இல்லை, காதும் இல்லை. இப்படி ஒருவரிடம் போய் "போன் பேசும்" என்கிறார்கள். பேசும், யார் இல்லை என்றது? யாருக்குப் பேசும்?

எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது ஒரு கறுப்புப் பெட்டி. கீபோர்டு நீளம் இருக்கும். பிரெய்ல் டிஸ்ப்ளே என்று அதற்குப் பேர், நாங்கள் பொட்டி என்போம். அதன் முகப்பில் ஒரே ஒரு வரி உண்டு. கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் எழுத்து அந்த வரியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பும். அவர் விரலால் தடவிப் படித்துவிட்டு ஒரு பட்டனை அமுக்குவார், புள்ளிகள் இறங்கி அடுத்த வரி எழும்பும். நான் கீபோர்டில் தட்டுவேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் எனக்கு வேகம், அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள் செய்தி அனுப்புவதும் அப்படித்தான், அவர் விரலுக்கும் அது பழக்கம். நான் தட்டுவேன், அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். எங்கள் குடும்பம் நடந்தது இப்படித்தான்.

வேலையில் இருந்த காலத்தில் வாங்கிய பொட்டி அது. அதன் பின்னால் இருக்கும் ஒயர், பழைய கம்ப்யூட்டர்களுக்கான அகலமான ஒயர். ஒன்பது ஊசி நுழையும் துளைகள், இரண்டு பக்கமும் திருகாணி. மேசைக் கம்ப்யூட்டர் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. ஏரியில் மனை போட்டு விற்றவன் புண்ணியத்தில் எங்கள் தெருவில் மழைக்காலத்துக்கு ஒரு தரமாவது தண்ணீர் வீட்டுக்குள் வரும். போன மழைக்கு வந்த தண்ணீர், தரையில் இருந்த கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்விட்டது. பொட்டியை மட்டும் அவர் கட்டில் மேல் ஏற்றி, தலையணையைப் போட்டு மூடி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு புது லேப்டாப் வாங்கி அனுப்பினாள். தோசைக்கல் மாதிரி மெல்லிசு. பொட்டியின் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓரத்தில் சின்னதாக இரண்டு துளை, அவ்வளவுதான். ஒன்பது ஊசிக்கு இடமே இல்லை. இத்தனை வருஷமாக உலகத்தில் எத்தனை மெஷினில் இந்த ஒயரைச் சொருகினார்கள்? ஒரு நாள் எங்கேயோ யாரோ உட்கார்ந்து, இனிமேல் இது தேவையில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையில்லை, சரி. எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், கை எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். என் கணவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பையிலிருந்து பொட்டியை எடுத்து வைத்தேன்.

"இன்னாமா இது, ஆர்மோனியமா?" என்றார் கடைக்காரர்.

விளக்கினேன். புது லேப்டாப்பில் இந்த ஒயரைச் சொருக ஒரு அடாப்டர் வேண்டும் என்றேன்.

"இந்த ஒயரெல்லாம் இப்ப யாரும் வெச்சிக்கறது இல்லம்மா. எதுக்கு இத்தப் புட்ச்சிகினு தொங்கறே? சாருக்கு நல்ல போனா ஒண்ணு வாங்கிக் குடு. அதுதான் பேசுதேம்மா."

"அவருக்குக் காது கேக்காதுங்க."

"கண்ணுதானே தெரியாதுன்னே?"

"ரெண்டும்தான்."

கடைக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சாருக்கு ஷுகர் உண்டா, சார் நடப்பாரா, சார் சாப்பாடு எல்லாம் தானே சாப்பிடுவாரா என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார். சார் ஒரு முழ தூரத்தில் முழுசாக நின்றுகொண்டிருந்தார். அடாப்டர் மட்டும் இல்லையாம்.

என் கணவர் கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரலால் "இல்லை" என்று எழுதினேன். மூன்றாவது வரை பள்ளிக்கூடத்தில் கண்ணால் படித்தவர் என்பதால் எழுத்து தெரியும். ஆனால் உள்ளங்கையில் எவ்வளவு எழுத முடியும்? "ணை"யை "னை"யிலிருந்து பிரித்துக் காட்டுவதற்குள் கை வியர்த்துவிடும். ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல்.

அடாப்டர் தேடி அலைந்த அந்த நாட்களில்தான் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் உதவி முகாம் நடக்கிறது என்று யாரோ சொல்லிப் போனோம். யாரோ நல்ல மனசுக்காரர்கள் நடத்தியது. பந்தல், மைக், மேடை, எல்லாம் இருந்தது. வரிசையில் நின்று, அவருக்கு இரண்டும் கிடையாது, எங்களுக்கு ஒரே ஒரு சின்ன அடாப்டர்தான் வேண்டும், கிடைக்கும் இடத்தையாவது சொல்லுங்கள் என்றேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், பேசும் கடிகாரம்.

காது கேட்காதவருக்குப் பேசும் கடிகாரம் கொடுத்த மகராசர்களை என்ன சொல்வது? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அது மணிக்கு மணி இங்கிலீஷில் நேரத்தைச் சொல்லும். நிறுத்தும் பட்டன் எங்கே என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வீட்டில் அதைக் கேட்கிற ஒரே பாவி நான்தான். "என்ன குடுத்தாங்க?" என்று அவர் கேட்டார். உள்ளங்கையில் "கடிகாரம்" என்று எழுதினேன். "பேசும்" என்பதை எழுதவில்லை. எழுதினால் நான் அழுதிருப்பேன்.

கடைசியில் அடாப்டரைக் கொண்டுவந்தவன் என் தம்பி. கடப்பாக்கத்தில் எங்கள் அம்மா வீட்டில் இருக்கிறான், மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு வேன் ஓட்டுகிறான். காது கேட்காதவரிடம் சத்தமாகப் பேசினால் கேட்டுவிடும் என்பதில் அவனுக்கு இன்றுவரை அசைக்க முடியாத நம்பிக்கை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மாமா! நல்லா கீறியா மாமா!" என்று கத்துவான். எதிர்வீட்டு நாய் பதில் சொல்லும்.

அன்றைக்கு ஒரு கையில் நெத்திலி, இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"அக்கா, ரிசப்ஷன்ல பில் போடற பழைய மிஷின கழட்டிப் போட்டுட்டாங்க. அதுல நீ சொன்ன மாதிரி ஊசி ஊசியா ஒரு வாலு இருந்துச்சு. மேனேஜர்கிட்ட கேட்டு எட்த்துகினு வந்துட்டேன். இதானா பாரு."

அதேதான். ஒரு பக்கம் ஒன்பது ஊசி, இன்னொரு பக்கம் லேப்டாப்பில் சொருகும் சப்பையான இரும்பு வாய், நடுவில் ஒரு முழம் நீல ஒயர். எந்தக் கடையிலும் இல்லாத பொருள், பில் போடும் மெஷினோடு குப்பைக்குப் போக இருந்தது. மகள் பெங்களூரில் இருந்தபடியே லேப்டாப்புக்குள் புகுந்து என்னென்னவோ மாற்றினாள். "ஆதரிக்கப்படவில்லை" என்று முதலில் ஒரு அறிவிப்பு வந்தது. அதற்கும் வேறு வழி கண்டுபிடித்தாள். ஒரு வழியாக லேப்டாப் "டிங்" என்றது.

அவர் விரலைப் பொட்டியின் மேல் வைத்துக் காத்திருந்தார். எனக்கு முதலில் என்ன தட்டுவது என்றே தெரியவில்லை. "kekkudha?" என்று தட்டினேன்.

விரல் ஓடியது. சிரித்தார். "கேக்குது, கேக்குது" என்றார்.

அதற்கப்புறம் வந்த வாரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கியமான விஷயம் எதையும் நாங்கள் பேசவில்லை. முக்கியமான விஷயத்தை உள்ளங்கையிலேயே எழுதிவிடலாம். மாத்திரை, டாக்டர், வெந்நீர், கரண்ட் இல்லை, எல்லாம் ஒரு சொல். உள்ளங்கையில் எழுத முடியாதது வெட்டிப் பேச்சு. மாடி வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாருக்காக யாரோடு என்ன சண்டை போட்டாள், சீரியலில் அந்த மருமகள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, காய்காரர் இன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார், இப்படி ஒன்றுக்கும் உதவாததை எல்லாம் தட்டித் தள்ளினேன். "அப்புறம்?" "அப்புறம் அவ இன்னா சொன்னா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு மனுஷனுக்குச் சோறும் மாத்திரையும் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் யாரும் அவர்களிடம் வம்பு பேசாமல் இருந்து பார்க்கட்டும், தெரியும்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்குச் சுண்டல் என் பொறுப்பு, சந்தனம் அவர் பொறுப்பு. ஆபீஸில் இருந்த காலத்தில் டெலிபோன் போர்டுக்கு அவர்தான் துடைத்துப் பொட்டு வைப்பார், வேறு யாரையும் விடமாட்டார். சோறு போடும் மெஷினுக்கு அவனவன் கையால்தான் வைக்க வேண்டும் என்பார். வீட்டிலும் அதே சட்டம். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, கத்தரிக்கோல், என் ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றையும் துடைத்து இலை மேல் வரிசையாக வைப்போம். பொட்டியை, ஒயரை, லேப்டாப்பை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி, ஈரத்துணி, காய்ந்த துணி என்று இரண்டு தரம் துடைப்பார். பிறகு விரலால் தடவி, ஒவ்வொன்றிலும் தட்டையாக ஓர் இடம் கண்டுபிடித்து, அங்கே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். பழைய ஒயரின் தலை கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும், அதன் முதுகில்தான் வருஷா வருஷம் பொட்டு. இந்த வருஷம் புதிதாக வந்த அடாப்டருக்கும் மனசாரத் தாராளமாக வைத்தார். நானும் பார்த்தேன். லட்சணமாக இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அன்று ராத்திரி எல்லாம் இலை மேலேயே இருந்தன. நாங்களும் பேசாமல் இருந்தோம்.

விஜயதசமி அன்று குளித்துவிட்டு வந்து, கும்பிட்டு, எல்லாவற்றையும் அவரே சொருகினார். லேப்டாப் "டிங்" என்று சொல்லவில்லை. விரலைப் பொட்டியில் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் வரலியே" என்றார். இந்தத் துளை, அந்தத் துளை, மாற்றி மாற்றிச் சொருகினோம். மகள் போனில் ஒரு மணி நேரம் போராடினாள். அடாப்டர் என்று ஒன்று இருப்பதையே லேப்டாப் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் இருவருமாகச் செங்கல்பட்டு. மறுபடியும் அதே கடை, வேறு போக்கிடம்?

கடையில் ஆயுத பூஜை வாசம் இன்னும் அடங்கவில்லை. வாசற்படியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். பிரிண்டருக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்குச் சந்தனம், கல்லாவுக்குச் சந்தனம், கடைக்காரர் கையில் சுழன்ற ஸ்க்ரூ டிரைவரின் பிடிக்கும் ஒரு பொட்டு. எங்கள் அடாப்டரை வாங்கித் தன் மெஷினில் சொருகினார். வரவில்லை. உருவி அப்படியே என் கையில் கொடுத்தார், திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டியைத் தூக்கி இரண்டு தட்டு தட்டினார்.

"செத்துப் போச்சுமா இது. நான் அப்பவே சொன்னனே."

"பொட்டில இன்னா கோளாறுன்னு திறந்து பாக்கலியே நீங்க?"

"இத்தத் தொறக்கறதுக்கு இனிமே ஒர்த்தன் பொறந்து வரணும். சொன்னா கேளுமா. அவருக்கு வயசாயிடுச்சு. கண்ணும் தெரில, காதும் கேக்கல. நேரத்துக்கு சோறு குடு, பக்கத்துல குந்து, அது போதும். இவருக்கு எதுக்குமா கம்ப்யூட்டரு?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். பரிதாபப்பட்டுச் சொன்னார். மேசைக் கண்ணாடியைத் தட்டித் தட்டி, தன் பெரியப்பா கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார் என்று ஒரு கதையும் சொன்னார்.

வெளியே வந்ததும் என் கணவர் உள்ளங்கையை நீட்டினார். "பழுது" என்று எழுதினேன்.

"அவ்ளோதானா? ரொம்ப நேரம் பேசினாரே. கண்ணாடி மேல கை வெச்சிருந்தேன், அதிர்ந்துகினே இருந்துதே."

"அவ்வளவுதான்" என்பதை எழுதத் தொடங்கி, பாதியில் பஸ் வந்துவிட்டது.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். அவர் புகார் சொல்கிற ஆள் இல்லை. காலையில் எழுந்து, பல் விளக்கி, பொட்டி இருந்த மேசை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்வார். அடங்கிக் கிடந்த அந்த வரியின் மேல் விரல் ஒரு தரம் போய்விட்டு வரும். பிறகு கையைத் தொடையில் வைத்துக்கொள்வார். நான் எதையாவது சொல்ல ஓடிவருவேன், உள்ளங்கையைப் பார்த்ததும் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் "காபி" என்று எழுதுவேன். மாடி வீட்டுக்காரி சண்டையின் அடுத்த பாகம் நடந்தது, சொல்ல வழியில்லை. தம்பி வந்து "கவலப்படாத மாமா!" என்று அவர் காதுக்குள் கத்திவிட்டு, அவர் சிரித்ததும் "பாரு, கேட்டுச்சு!" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் மூச்சுக் காற்று காதில் பட்டால் அவருக்குக் கூச்சம், அதற்குச் சிரித்தார். புதுப் பொட்டியின் விலையை விசாரித்துவிட்டு மகள் போனில் "லட்சத்துக்கு மேலம்மா" என்றாள். பேசும் கடிகாரம் மட்டும் மணிக்கு மணி பேசியது.

கோபம் எனக்கு யார் மேல் என்று கேட்டால், எல்லார் மேலும்தான். ஒன்பது ஊசியை எடுத்தவன் மேல், சால்வை போர்த்தியவர்கள் மேல், கடைக்காரர் மேல், பொட்டி மேல்கூட. ஒரு நாள் அரிசி களையும்போது கோபம் வந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் பொட்டியைக் கட்டி வைக்க உட்கார்ந்தார். இனிமேல் மேசையை அடைப்பானேன் என்று நினைத்திருப்பார். ஒயரைச் சுற்றி, அடாப்டரை ஈரத்துணியால் துடைத்து, மேலே இருந்த பழைய பொட்டை எல்லாம் தேய்த்து எடுத்து, துணிப்பையில் போடப் போனவர் நிறுத்தினார். அடாப்டரின் இரும்பு வாயை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு தரம் மோந்தார்.

"இந்தா, இங்க வா."

போனேன்.

"இதுல சந்தன வாசனை வருது."

உள்ளங்கையில் "நீங்கதான்" என்று எழுதினேன். அதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

"நான்தான் வெச்சேன், தெரியும். மேல வெச்சதத் தொடச்சிட்டேனே. உள்ளார இருந்து வருது. டார்ச்ச எடுத்துப் பாரு."

பார்த்தேன். அந்தச் சப்பை இரும்பு வாயின் முதுகில் சின்னதாக இரண்டு சதுர ஓட்டைகள் உண்டு. உங்கள் வீட்டு பென் டிரைவை எடுத்துப் பாருங்கள், அதிலும் இருக்கும். பழைய ஒயருக்கு அகலமான முதுகு இருந்தது. இந்தப் பொடி அடாப்டரில் விரலுக்குத் தட்டையாக அகப்பட்ட ஒரே இடம் அந்த இரும்பு. அதன் மேல் அவர் மனசார வைத்த சந்தனம் இரண்டு ஓட்டை வழியாகவும் உள்ளே இறங்கி, ராத்திரி முழுக்க இலை மேல் காய்ந்து, உள்ளே இருந்த செம்புப் பட்டைகளின் மேல் மஞ்சளாகப் படிந்து உட்கார்ந்திருந்தது. பொட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

இத்தனை நாளும் அந்தப் பொட்டு எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது. என் கண், கடைக்காரர் கண், தம்பி கண், வீடியோ காலில் மகள் கண். ஆயுத பூஜை வந்துபோனால் இந்த ஊரில் சந்தனம் வைக்காத மெஷின் எது? பஸ் ஸ்டியரிங்கில் இருக்கும், தையல் மெஷினில் இருக்கும், எக்ஸ்ரே மெஷினில்கூட இருக்கும். அது கோளாறாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? பார்க்கிறதற்கு முன்னாலேயே கும்பிட்டுவிட்டுப் போகிறோம்.

ஊசி போடும்போது தடவும் ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ், ஒரு குண்டூசி. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து சுரண்டினேன். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே சுரண்டினேன், அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில். காய வைத்துச் சொருகினேன். "டிங்."

அவர் விரலைப் பிடித்து இழுத்துப் பொட்டியின் மேல் வைத்துவிட்டு, இதுவரைக்கும் வாயால் திட்டியதை எல்லாம் மறுபடியும் ஒரு எழுத்து விடாமல் தட்டினேன். ஓட்டையில் போய்ச் சந்தனம் வைப்பார்களா, சாமிக்கு இதைவிட்டால் வேறு இடமே இல்லையா, எத்தனை நாள் என் உயிரை எடுத்தீர்கள், எல்லாவற்றையும். விரல் ஓடிக்கொண்டே இருந்தது, பட்டனை அமுக்கி அமுக்கி வாங்கினார். முகம் மலர்ந்துகொண்டே போனது.

"சாமி கும்பிட்டதுக்குத் திட்டறியா நீ?" என்றார். "திட்டு. இன்னும் கொஞ்சம் திட்டு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்தக் கடைக்காரரு அன்னிக்கி இன்னா சொன்னாரு? 'பழுது' மட்டும் இல்ல. முழுசா அடி."

வேண்டாம் என்று தட்டினேன்.

"எனக்கு எதிர்ல நின்னு என்னப் பத்திப் பேசினது. எனக்கு வேணாமான்னு நீ எப்படிச் சொல்றே? அடி."

அடித்தேன். செத்துப் போச்சு, வயசாயிடுச்சு, நேரத்துக்குச் சோறு, இவருக்கு எதுக்குமா கம்ப்யூட்டரு. அந்தக் கடைசி வரி வந்ததும் விரல் நின்றது. பின்னால் போகும் பட்டனை அமுக்கி இன்னொரு தரம் படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நாளைக்குக் கடைக்குப் போவோம்" என்றார்.

"edhukku?"

"கேட்டிருக்காரே. பதில் சொல்ல வேணாமா?"

மறுநாள் காலையில் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "இன்னாமா, போன் வாங்கிட்டியா?" என்றார். பிளக் பாயின்ட் எங்கே என்று மட்டும் கேட்டேன். மேசைக் கண்ணாடி மேல் லேப்டாப்பை வைத்து, பொட்டியை வைத்து, அடாப்டரைச் சொருகினேன். "டிங்" என்றதும் ஸ்க்ரூ டிரைவர் சுழல்வது நின்றது. என் கணவரை ஸ்டூலில் உட்கார வைத்து, விரலைப் பொட்டியின் மேல் வைத்தேன்.

தன் குரல் தனக்குக் கேட்காததால் அவர் பேசுவது கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வணக்கம். எனக்கு எதுக்கு கம்ப்யூட்டருன்னு நீங்க கேட்டீங்களாம். அப்ப எனக்கு வந்து சேரல, நேத்துதான் வந்துது. பதில் சொல்லலாம்னு வந்தேன். நீங்க எதனா அடிங்க. உங்க இஷ்டம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இன்னாமா அடிக்கறது?" என்றார்.

"என்னக் கேக்காதீங்க. அவரு அங்க இருக்காரு."

நாளெல்லாம் கீபோர்டைக் கழற்றி மாட்டுகிறவர். அன்றைக்கு எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் மாதிரி ஒற்றை விரலை வைத்துக்கொண்டு தடுமாறினார். ஏதோ தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், அழித்தார். அடிக்கிறதும் அழிக்கிறதும் என் கணவர் விரலுக்குக் கீழே எழும்பி எழும்பி இறங்கின. அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தி ஏதாவது சொல்லலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கடைசியில் கடைக்காரர் இதைத்தான் அடித்தார்:

"sir saptingla"

என் கணவரின் விரல் அந்த வரியின் மேல் மெதுவாகப் போனது. அவர் காது அடங்கியதிலிருந்து என்னையும் மகளையும் தவிர வேறு யாரும் நேரில் அவரிடம் இதைக் கேட்டதில்லை. சாப்பிட்டாரா என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

"சாப்ட்டேன்" என்றார். "இட்லி. நீங்க?"

கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "நான் இன்னும் இல்லமா" என்று ஆரம்பித்தார். என் கோபம் அன்றைக்கும் தீரவில்லை. லேப்டாப்பைக் கடைக்காரர் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினேன். என் கணவரின் விரல் பொட்டியின் வரி மேல் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.